குழந்தைக்காகக் காத்திருக்கும் காலத்தில் மனதுக்குத் துணை: ஒரு முழுமையான வழிகாட்டி

கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் கையில் ஒரு தடித்த ஃபைல் இருக்கும். எந்த நாளில் எந்த ஊசி, அடுத்த ஸ்கேன் எப்போது, ஹார்மோன் அளவு எவ்வளவு என்று எல்லாம் அதில் குறித்திருக்கும். நேற்று ராத்திரி தூங்கினீர்களா, கடைசியாக எப்போது மனம்விட்டுச் சிரித்தீர்கள், இந்த விஷயத்தைத் தவிர வேறெதையாவது நீங்கள் இருவரும் பேசி எத்தனை நாளாகிறது என்பதெல்லாம் அந்த ஃபைலில் எங்கேயும் இருக்காது. பெரும்பாலும் யாரும் கேட்பதும் இல்லை.

இத்தனைக்கும் இது எங்கோ ஒருவருக்கு வரும் துன்பம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார். துன்பத்தின் கனமும் குறைவில்லை. அமெரிக்காவில் 1993இல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தையின்மையோடு போராடும் பெண்களின் மனச்சோர்வும் பதற்றமும் புற்றுநோய், இதயநோய் உள்ளவர்களின் அளவுக்குச் சமமாக இருந்தன. புற்றுநோய் என்றால் சுற்றம் ஓடிவந்து தாங்கும். இதற்கு வருவது அறிவுரை மட்டும்தான்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பேசப்போகும் ஆலோசனையும் ஆதரவும் கரு தங்குவதற்கான இன்னொரு மருந்தல்ல. கவுன்சலிங் போனால் குழந்தை பிறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழந்தை வந்தாலும் வராவிட்டாலும் இந்த வருடங்களை நீங்கள் வாழ்ந்துதான் தீரவேண்டும். அதை உடைந்துபோகாமல் வாழ உதவி கேட்பது உங்கள் உரிமை. அந்த ஒரு காரணமே போதும்.

படி 1: நடந்துகொண்டிருப்பது ஓர் இழப்பு என்று ஒப்புக்கொள்ளுங்கள்

யாராவது இறந்தால் துக்கம் விசாரிக்க வருவார்கள், லீவு கிடைக்கும், அழுதால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மாதவிடாய் வந்த நாளில் குளியலறையில் உட்கார்ந்து அழுகிறவருக்கு இது எதுவும் கிடையாது. வெளியே பார்த்தால் எதையும் இழந்ததுபோலவே தெரியாது. ஆனால் அவர் மனதில் ஒரு பிள்ளை இருந்தது. அதற்குப் பெயர்கூட யோசித்து வைத்திருக்கலாம். அந்தப் பிள்ளை இந்த மாதமும் வரவில்லை. முந்தைய துக்கம் ஆறுவதற்குள் அடுத்த மாத நம்பிக்கை தொடங்கிவிடும், பிறகு அதுவும் உடையும். மற்றத் துக்கங்கள் நாளாக ஆக ஆறும். இது மாதாமாதம் புதிதாகிறது. சமூகம் துக்கமாக ஏற்றுக்கொள்ளாத துக்கம் என்று உளவியலாளர்கள் தனியாக ஒரு வகையையே சொல்கிறார்கள். குழந்தையின்மை அதில்தான் வரும்.

கூடவே வெளியில் சொல்லக் கூசும் உணர்வுகளும் வரும். நெருங்கிய தோழி கர்ப்பம் என்று சொன்ன நொடியில் வயிறு எரியும். அடுத்த நொடியே, ‘இப்படி நினைக்கிறேனே, நான் எவ்வளவு மோசமானவள்’ என்று குற்ற உணர்வு வரும். தெருவில் பிள்ளையைத் திட்டுகிற தாயைப் பார்த்தால் கோபம் பொங்கும். இவை குணக்கேட்டின் அடையாளங்கள் இல்லை. இந்த நிலையில் இருப்பவர்களில் மிகப் பலருக்கும் வருபவைதான். தோழியின் சந்தோஷத்துக்காக மகிழ்வதும் உங்களுக்காக அழுவதும் ஒரே மாலையில் நடக்கலாம். இரண்டுமே உண்மை.

ஏற்கெனவே ஒரு குழந்தை இருந்து இரண்டாவதற்கு ஏங்குகிறவர்கள் இன்னும் ஊமையாகிவிடுகிறார்கள். ‘அதுதான் ஒன்று இருக்கிறதே’ என்ற ஒரு வரியில் அவர்கள் வாய் அடைக்கப்படுகிறது. தனியாகக் குழந்தை பெற முயல்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையால் கருவளம் இழந்தவர்கள் என்று இன்னும் பலர் இருக்கிறார்கள். யாருடைய வலி பெரியது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் யாருக்கும் பயனில்லை.

இந்தப் படியில் செய்யவேண்டிய வேலை சின்னதுதான். நம்பிக்கையான ஒருவரிடம், அல்லது ஒரு நோட்டில், ‘எனக்கு இது பெரிய இழப்பாக இருக்கிறது’ என்று ஒருமுறை வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லும்போது கண்ணீர் வந்தால் வரட்டும்.

படி 2: ‘என்னால்தான்’ என்ற எண்ணத்தை உண்மையோடு வைத்துப் பாருங்கள்

‘டென்ஷன் ஆகாதே, தானாக நடக்கும்’ என்ற வாசகத்தைக் கேட்காதவர் இருக்க முடியாது. ஆறுதலாகச் சொல்வதுதான். ஆனால் அது போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள்: கரு தங்கவில்லை என்றால், நீ நிம்மதியாக இல்லாததுதான் காரணம். ஏற்கெனவே துவண்டிருப்பவர் தலையில் அந்தப் பழியும் ஏறுகிறது.

2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. உதவிக் கருத்தரிப்புச் சிகிச்சை பெற்ற 3,583 பெண்களைப் பற்றிய 14 ஆய்வுகளை அது ஒன்றுசேர்த்துப் பார்த்தது. சிகிச்சைக்கு முன் அவர்களுக்கு இருந்த மன உளைச்சலுக்கும் அந்தச் சுழற்சியில் (ஊசி, மாத்திரை தொடங்கி ரிசல்ட் வரையிலான ஒரு முறைச் சிகிச்சையில்) கரு தங்கியதா இல்லையா என்பதற்கும் தொடர்பு தென்படவில்லை. அழுதவர்களும் கருத்தரித்தார்கள், தைரியமாக இருந்தவர்களும் தோற்றார்கள். சிகிச்சையை விட்ட பிறகோ தத்தெடுத்த பிறகோ கருத்தரித்த கதைகள் ஏன் இத்தனை கேட்கின்றன? அப்படி நடந்தால் எல்லோரும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். நடக்காதவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

பழி பெண் மீதே விழுவதற்கும் மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. ஏறக்குறைய பாதித் தம்பதிகளில், தனியாகவோ பெண் தரப்புக் காரணத்தோடு சேர்ந்தோ, ஆண் தரப்பிலும் ஒரு காரணம் இருக்கிறது. எல்லாப் பரிசோதனையும் முடிந்தும் காரணமே தெரியாதவர்களும் கணிசம். அந்தக் ‘காரணம் தெரியவில்லை’ என்ற பதில்தான் பலருக்குத் தாங்க முடியாதது. குற்றம்சாட்ட ஒன்றும் கிடைக்காதபோது மனம் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறது. எப்போதோ சாப்பிட்ட மாத்திரை, வேலைக்காகத் தள்ளிப்போட்ட வருடங்கள், பழைய காதல், முன்பு செய்த கருக்கலைப்பு என்று பட்டியல் நீளும்.

இதற்கு ஒரு நடைமுறை வழி உண்டு. உங்களைக் குடையும் ஒவ்வொரு சந்தேகத்தையும் எழுதி, அடுத்தமுறை மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். புகைப்பிடிப்பது, உடல் எடை, வயது போன்றவை கருவளத்தை உண்மையிலேயே பாதிக்கக்கூடியவை. அதில் மாற்ற முடிந்ததை மாற்றலாம். பட்டியலில் மீதி இருப்பதில் பெரும்பகுதிக்கு, ‘அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை’ என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலை மருத்துவர் வாயால் கேட்பது வேறு, தானே சமாதானம் சொல்லிக்கொள்வது வேறு.

படி 3: எப்போது உதவி தேடுவது?

உடைந்த பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். முடிந்தால் சிகிச்சை தொடங்கும் முன்பே ஒருமுறையாவது ஆலோசகரைப் பாருங்கள். பிரிட்டனில் 1990ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய சிகிச்சைக்கு முன் ஆலோசனை பெறும் வாய்ப்பைத் தரவேண்டும் என்று கருத்தரிப்பு மையங்களுக்கு விதித்திருக்கிறது. சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அதைப் பார்க்கிறார்கள். உங்கள் மையத்தில் யாரும் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

பலருக்கும் நிலை தடுமாறுவது சில குறிப்பிட்ட கட்டங்களில்தான்: முதன்முதலாகக் காரணம் தெரியவரும் நாள், ஒரு சுழற்சி தோற்ற பிறகு, கருச்சிதைவு, அடுத்து என்ன என்று முடிவெடுக்க வேண்டிய நேரம். இந்த நாட்கள் வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் அதற்கேற்ப ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கி வைக்கலாம்.

சோகத்துக்கும் சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் எதிலும் ஈடுபாடு இல்லை, தூக்கமோ பசியோ கெட்டிருக்கிறது, வேலையில் கவனம் நிற்கவில்லை, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் விடாமல் வருகிறது என்றால் அது வெறும் வருத்தம் இல்லை. பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை மருத்துவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 27இல் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும். குழந்தையின்மை உள்ளவர்களுக்கென்றே ஃபெர்ட்டிகுவால் என்ற 36 கேள்விப் படிவமும் இருக்கிறது. மனம், உடல், தாம்பத்தியம், சுற்றத்தோடு பழகுவது என்று எந்தப் பக்கம் அடி அதிகம் என்பதை அது காட்டும்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே, அப்போதே, உடன் இருப்பவரிடம் சொல்லுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், அல்லது அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். உங்கள் துணை அப்படிச் சொன்னால் தனியாக விடாதீர்கள். ‘சும்மா சொல்கிறாள்’ என்று தள்ளிவிடாதீர்கள்.

ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒன்று: கர்ப்பத்துக்கு முயல்கிறோம் என்று பயந்து நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பலாம். மனநல மருத்துவரையும் கருத்தரிப்பு மருத்துவரையும் கலந்து பேசச் செய்யுங்கள். தொடரலாமா, மாற்றலாமா என்று அவர்கள் சேர்ந்து சொல்வார்கள்.

படி 4: சரியான ஆலோசகரைக் கண்டுபிடிப்பது

மனநல மருத்துவர் மருந்து எழுதித் தர முடியும். உளவியலாளரும் ஆலோசகரும் பேச்சின் வழியாக வேலை செய்வார்கள். சிலருக்கு இரண்டும் வேண்டியிருக்கும். மையத்திலேயே இருக்கும் ஆலோசகருக்குச் சிகிச்சையின் நடைமுறை அத்துப்படி, அது வசதி. ஆனால் ‘இந்த மையத்தையே மாற்றலாமா’, ‘சிகிச்சையை நிறுத்திவிடலாமா’ என்ற கேள்விகளோடு போகிறவர்கள் வெளியாள் ஒருவரைப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. மையத்தோடு சம்பந்தம் இல்லாதவரிடம் மனம் தயங்காமல் பேசும்.

முதல் தடவை பேசும்போது நீங்களும் கேள்வி கேட்கலாம். குழந்தையின்மை உள்ளவர்களோடு வேலை செய்திருக்கிறாரா? என்ன பயிற்சி பெற்றிருக்கிறார்? சொல்வது யாருக்கும் போகாது என்பதற்கு என்ன உறுதி? எதை மட்டும் சொல்லியாக வேண்டியிருக்கும்? (உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் ரகசியம் காக்க முடியாது என்பார்கள், அது நியாயம்.) இருவரையும் சேர்த்துப் பார்ப்பாரா, தனித்தனியாகவா? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லாதவரை விட்டுவிடலாம். ‘என்னிடம் வந்தவர்கள் எல்லாம் கர்ப்பமானார்கள்’ என்பவரிடம் இரண்டாம் முறை போகவே வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பலர் தயங்குகிறார்கள். முதல் சந்திப்பில் பெரும்பாலும் உங்கள் கதையைக் கேட்பார்கள். எவ்வளவு காலமாக முயல்கிறீர்கள், என்ன சிகிச்சை நடந்தது, வீட்டில் யாருக்குத் தெரியும், எதை நினைத்தால் அதிகம் வலிக்கிறது என்பதையெல்லாம் கேட்பார்கள். பிறகு தேவைக்கேற்ப வழி மாறும். ‘நான் முழுமையான பெண் இல்லை’, ‘நான் ஆம்பளையே இல்லை’ போன்ற எண்ணங்கள் சுற்றிச் சுற்றி வருகிறவர்களுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை உதவும். அந்த எண்ணத்தைப் பிடித்து, அது எவ்வளவு உண்மை என்று சோதித்து, அதன் பிடியைத் தளர்த்துவதுதான் அதன் வேலை. காத்திருப்பின் பதற்றத்துக்கு மூச்சில் கவனம் வைக்கும் பயிற்சி, தசைகளைத் தளர்த்தும் பயிற்சி போன்றவற்றைக் கற்றுத் தருவார்கள். கருச்சிதைவு ஆனவர்களுக்குத் துக்கத்துக்கான ஆலோசனை தனியாகத் தேவைப்படும். தெரியவந்த கர்ப்பங்களில் 10 முதல் 20 சதவீதம் வரை கருச்சிதைவில் முடிகிறது. வருடக்கணக்கில் காத்திருந்தவருக்கு அது ஒரு சதவீதக் கணக்காக இருக்காது.

தானமாகப் பெற்ற கருமுட்டை, விந்தணு, அல்லது வாடகைத்தாய் என்று யோசிப்பவர்களுக்கு ஆலோசனை வேறு மாதிரி இருக்கும். அங்கே பேச வேண்டியது இன்றைய வலியை விட நாளைய வாழ்க்கையைப் பற்றி: மரபுத் தொடர்பு இல்லாதது உங்களுக்கு எப்படி இருக்கும், குடும்பத்தில் யாருக்குச் சொல்வீர்கள், குழந்தையிடம் எப்போது சொல்வீர்கள். இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் பெரும்பாலோர், குழந்தைக்குச் சின்ன வயதிலேயே எளிமையாகச் சொல்லிவிடுவதுதான் நல்லது என்கிறார்கள். வளர்ந்த பிறகு வேறு வழியில் தெரியவரும்போது நம்பிக்கை உடைகிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

ஆதரவுக் குழுக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதே பாதையில் இருக்கும் சிலரோடு மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவது, ‘நான் மட்டும்தான்’ என்ற தனிமையைச் சட்டென்று குறைக்கும். ஆனால் ஒரு குழுவுக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் பதற்றம் கூடுகிறது, எல்லோருடைய முட்டை எண்ணிக்கையோடும் உங்களுடையதை ஒப்பிட ஆரம்பிக்கிறீர்கள் என்றால் வெளியே வந்துவிடுங்கள். யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

படி 5: உங்கள் இருவருக்குள்

இருவருக்கும் ஒரே இழப்புதான். துக்கப்படும் விதம் ஒன்றாக இருப்பதில்லை. ஒருவருக்குத் திரும்பத் திரும்பப் பேச வேண்டும். மற்றவருக்குப் பேசினாலே மூச்சு முட்டும், வேலையில் போய் ஒளிந்துகொள்வார். பேசுகிறவருக்கு, ‘இவருக்குக் கவலையே இல்லை’ என்று தோன்றும். பேசாதவருக்கு, ‘என்ன சொன்னாலும் இவளைத் தேற்ற முடியவில்லை’ என்று தோன்றும். வருடக்கணக்கில் இப்படியே போனால், வீட்டில் இரண்டு பேர் இருப்பார்கள், இருவரும் தனியாக இருப்பார்கள்.

ஆலோசகர்கள் பலரும் சொல்லித்தரும் ஒரு வழி நன்றாக வேலை செய்கிறது. தினமும் இருபது நிமிடம் இதற்கென்று ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் கேட்க வேண்டும். தீர்வு சொல்லக் கூடாது. மணி ஆனதும் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வேறு விஷயத்துக்குப் போக வேண்டும். பேச விரும்புகிறவருக்குத் தன் நேரம் நிச்சயம் உண்டு என்ற நம்பிக்கை கிடைக்கும். பேசத் தயங்குகிறவருக்கு இது முடிவில்லாமல் நீளாது என்ற தைரியம் கிடைக்கும்.

படுக்கையறையைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. ‘இன்றைக்கு நாள், இன்றைக்கே ஆகவேண்டும்’ என்று காலண்டர் பார்த்துச் சேர்வது எத்தனை அன்பான தம்பதியையும் களைக்க வைக்கும். அந்த நாளில் ஆணுக்கு விறைப்பு வராமல் போவதும், பெண்ணுக்கு விருப்பமே செத்துப்போவதும் சகஜம். அதற்காக ஒருவரையொருவர் குற்றம் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் உதவி கிடைக்கும். குழந்தைக்கென்று இல்லாத நெருக்கத்துக்கும் மாதத்தில் சில நாட்களை வைத்துக்கொள்ளுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அதில் சேரும்.

காரணம் ஒருவரிடம் என்று தெரியவந்தால், ‘என்னை விட்டுவிட்டு வேறு கல்யாணம் செய்துகொள்’ என்று அவர் சொல்வது அடிக்கடி நடக்கிறது. கேட்பவருக்குக் கோபம் வரும். ஆனால் உள்ளே இருப்பது, விட்டுவிடுவார்களோ என்ற பயம். ‘எனக்கு வேண்டியது நீ’ என்பதை அப்போது ஒருமுறை சொன்னால் போதாது, பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

ஆண்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவர்களிடம் யாரும் ‘நீ எப்படி இருக்கே?’ என்று கேட்பதில்லை. மையத்தில் பேச்சு முழுக்க மனைவியோடு. அவர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், கட்டணம் கட்டுவார், வண்டி ஓட்டுவார். விந்தணு எண்ணிக்கை குறைவு என்ற ரிப்போர்ட் கையில் வந்தால் அதைத் தன் ஆண்மைக்கு வந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்வார். விந்தணு உற்பத்தியும் ஆண்மையும் வேறு வேறு என்பதை மருத்துவரே விளக்கிச் சொன்னால் நல்லது. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அதனால் பழக்கத்தை மாற்றினாலும் மருந்து எடுத்தாலும் பலன் தெரியச் சில மாதங்கள் பிடிக்கும். அந்த மாதங்களில் அவர் யாரிடமும் சொல்லாமல் தனக்குள்ளேயே போட்டுப் புழுங்குவார். மனைவியின் துக்கத்தைத் தாங்குவதுதான் தன் வேலை என்று நினைக்கிற கணவருக்கும், தன் துக்கத்தைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். ஆலோசகரைத் தனியாகச் சந்திக்கச் சொல்லுங்கள். நேருக்கு நேர் பேசக் கூசினால் சேர்ந்து நடக்கும்போதோ வண்டியில் போகும்போதோ பேச்சை எடுங்கள். முகத்தைப் பார்க்காமல் பேசுவது பலருக்கு எளிது.

படி 6: சிகிச்சைச் சுழற்சி நடக்கும் வாரங்கள்

ஊசி, மாத்திரை எல்லாமே மனநிலையையும் தொடும். முட்டை வளர்வதற்காகத் தரும் குளோமிஃபீன் மாத்திரை சிலருக்கு எரிச்சலையும் மனநிலை ஏற்ற இறக்கத்தையும் தரும். மாதவிடாய் நின்றதுபோல ஹார்மோனை அடக்கும் ஊசிகள் உடம்பில் அனலையும் தூக்கமின்மையையும் கொண்டுவரலாம். சம்பந்தமில்லாமல் கத்திவிட்டு, ‘எனக்கு என்ன ஆச்சு’ என்று அழுவதில் மருந்துக்கும் பங்கு உண்டு. வீட்டில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடுமை, ஆய்வகத்தில் உருவாக்கிய கருவை உள்ளே வைத்த பிறகு அல்லது ஐ.யூ.ஐ. (விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது) முடிந்த பிறகு வரும் இரண்டு வாரக் காத்திருப்பு. ஸ்கேன் இல்லை, டாக்டர் இல்லை, உடம்பைக் கூர்ந்து கவனிப்பதைத் தவிர வேலையே இல்லை. அப்போது தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. கரு தங்கக் கருப்பையைத் தயார்செய்யும் புரோஜெஸ்டிரோன் மருந்து மார்பில் வலி, வயிறு உப்புசம், அசதி எல்லாம் தரும், கர்ப்ப அறிகுறிபோலவே இருக்கும். அதனால் அறிகுறி இருப்பதை வைத்தும் முடிவுக்கு வர முடியாது, இல்லாததை வைத்தும் வர முடியாது. முட்டை முதிர்வதற்காகப் போடும் எச்.சி.ஜி. ஊசி பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம்வரை உடம்பில் தங்கும். அவசரப்பட்டு வீட்டில் டெஸ்ட் செய்தால் பொய்யான பாசிட்டிவ் வரலாம், சீக்கிரமே பார்ப்பதால் பொய்யான நெகட்டிவும் வரலாம். மையம் சொன்ன தேதிவரை டெஸ்ட் கிட்டை வாங்கி வீட்டில் வைக்காமல் இருப்பதே உத்தமம். கருவை வைத்த பிறகு நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதால் வாய்ப்பு கூடுவதில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீங்கள் படியேறியதாலோ தும்மியதாலோ கரு விழுந்துவிடாது.

காத்திருக்கும் நாட்களை வெறுமையாக விடாதீர்கள். முடிகிற வேலைக்குப் போங்கள், கையால் செய்யும் ஏதாவது ஒன்றை எடுத்து வையுங்கள். கவலைக்கென்று மாலையில் கால் மணி நேரம் வைத்துக்கொண்டு, மற்ற நேரம் வரும் கவலையை ஒரு தாளில் குறித்து அந்த நேரத்துக்குத் தள்ளிவிடுவது பலருக்கு உதவுகிறது. முதல் இரண்டு நாள் கஷ்டமாக இருக்கும், பிறகு பழகும்.

ரிசல்ட் நாளுக்கு ஒரு திட்டம் வேண்டும். போன் யாருக்கு வரும்? ஆபீஸில் மீட்டிங் நடுவே அந்தச் செய்தியைக் கேட்க வேண்டாம். முடிந்தால் இருவரும் சேர்ந்திருக்கும் நேரத்துக்கு அழைக்கச் சொல்லி மையத்திடம் கேளுங்கள். அன்றும் மறுநாளும் வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். யாருக்கெல்லாம் தெரியும் என்று பார்த்து, அவர்களுக்குச் சொல்லும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் ஒப்படையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போன் செய்து, ஒரே செய்தியைப் பத்து முறை சொல்ல வைத்துவிடுவார்கள்.

நெகட்டிவ் என்றால் அழுங்கள். உலகம் முழுக்க நடக்கும் ஐ.வி.எஃப். (முட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்க்கும் சிகிச்சை) சுழற்சிகளில் பெரும்பாலானவை குழந்தைப் பிறப்பில் முடிவதில்லை. நீங்கள் எதையோ தவறாகச் செய்ததால் அல்ல. அந்த வாரத்தில் அடுத்த சுழற்சிக்கும் பணம் கட்டாதீர்கள், இனி வேண்டவே வேண்டாம் என்றும் சத்தியம் செய்யாதீர்கள். துக்கத்தின் உச்சத்தில் எடுக்கும் முடிவு எதுவானாலும் சில வாரம் தள்ளிப் போடத் தகுந்தது.

பாசிட்டிவ் வந்தாலும் பதற்றம் உடனே போய்விடாது. ஒவ்வொரு முறை கழிப்பறைக்குப் போகும்போதும் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். சந்தோஷப்படப் பயமாக இருக்கும். ‘இனி என்ன கவலை’ என்று சுற்றி இருப்பவர்கள் சொல்வார்கள். ஆலோசகரிடம் போவதை இந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டாம்.

படி 7: சுற்றத்தைச் சமாளிப்பது

யாருக்கு எவ்வளவு சொல்வது என்பதை இருவரும் முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். ஒருவர் தன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட, மற்றவருக்கு அது துரோகமாகத் தெரிவதால் வரும் சண்டைகள் நிறைய. அவரவர் பக்கத்துச் சொந்தங்களுக்கு அவரவரே பதில் சொல்வது என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை குறையும்.

‘என்ன, விசேஷம் எதுவும் இல்லையா?’ என்று கேட்பவர்களுக்கு முன்கூட்டியே ஒரு பதில் தயாராக இருக்கட்டும். ‘இருந்தால் நாங்களே சொல்கிறோம்’ என்று சொல்லிப் பேச்சை மாற்றலாம். விடாமல் நோண்டுகிறவரிடம், ‘இதைப் பற்றிப் பேசினால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, வேண்டாமே’ என்று நேராகச் சொல்லலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

குழந்தையை மையமாக வைத்த விழாக்களுக்குப் போகவேண்டிய கட்டாயம் இல்லை. பரிசை முன்பே கொடுத்துவிட்டு, வாழ்த்தைச் சொல்லிவிட்டு, வேறு ஒரு நாளில் அமைதியாகப் பார்த்துவிட்டு வரலாம். போவதென்றால், எப்போது கிளம்புவது என்பதையும் அதற்கான சாக்கையும் இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் தொடர்ந்து வரும் கர்ப்பப் படங்களைச் சில மாதங்களுக்கு மறைத்துவைப்பதும் தப்பில்லை.

படி 8: நீங்கள் அவர்களுக்கு நெருக்கமானவர் என்றால்

இந்தப் பகுதி அக்கா, தம்பி, மாமியார், நண்பர்களுக்கு. தயவுசெய்து டாக்டர் பெயரும் மூலிகையும் சிபாரிசு செய்யாதீர்கள், அவர்கள் கேட்டால் ஒழிய. ‘தத்தெடுத்துக்கலாமே’ என்பதை அவர்கள் யோசிக்காமல் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? ‘ரொம்பக் கஷ்டமா இருக்கும் இல்ல? என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல, ஆனா நான் இருக்கேன்’ என்றால் போதும். மருத்துவமனைக்குக் கூட வருகிறேன் என்று சொல்லுங்கள். ஊசி போடும் நாட்களில் சமையலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கர்ப்பமாக இருந்தால், ஊர் முழுக்கச் சொல்வதற்கு முன் அவர்களுக்கு ஒரு மெசேஜில் சொல்லிவிடுங்கள். நேரில் சொன்னால் உங்கள் முன்னால் சிரித்தாக வேண்டியிருக்கும். மெசேஜ் என்றால் அழுது முடித்துவிட்டு வாழ்த்துச் சொல்ல அவகாசம் கிடைக்கும்.

படி 9: எதுவரை, அதன்பிறகு என்ன

சிகிச்சையைத் தொடங்கும்போதே எதுவரை என்று பேசுங்கள். எத்தனை சுழற்சி, எவ்வளவு பணம், எந்த வயது, உடம்பு எதுவரை தாங்கும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எழுதாதவர்கள், ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று சேமிப்பும் உறவும் கரைந்தபிறகுதான் நிற்கிறார்கள். மருத்துவ வாய்ப்பு மீதி இருக்கும்போதே மனம் தாங்காமல் விலகுகிறவர்கள் ஏராளம் என்பதையும் ஆய்வுகள் சொல்கின்றன. அப்படி விலகுவது கோழைத்தனம் ஆகாது. உங்கள் வாய்ப்பு எவ்வளவு என்று மருத்துவரிடம் எண்ணாகவே கேளுங்கள், உங்கள் வயதுக்கும் உங்கள் ரிப்போர்ட்டுக்கும் உரிய எண்ணாக.

தத்தெடுப்பதைச் சிகிச்சை தோற்றதற்கு மாற்றாக உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம். வரப்போகும் குழந்தை, பிறக்காத பிள்ளையின் இடத்தை நிரப்ப வருவதில்லை. தனக்கென்று ஒரு கதையோடு வருகிறது. முதல் துக்கத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தபிறகு, இருவருக்கும் உண்மையான விருப்பம் இருந்தால் போங்கள். ஒருவருக்கு மட்டும்தான் விருப்பம் என்றால் ஆலோசகர் முன்னிலையில் அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தை இல்லாமலே வாழ்வது என்ற முடிவும் ஒரு முடிவுதான். நெதர்லாந்தில் 7,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சிகிச்சை முடிந்து 11 முதல் 17 வருடம் கழித்து விசாரித்த ஆய்வு 2014இல் வந்தது. குழந்தை பிறந்ததா இல்லையா என்பதைவிட, குழந்தை வேண்டும் என்ற ஏக்கம் இன்னும் ஆறாமல் இருக்கிறதா என்பதுதான் அவர்களின் மனநலத்தோடு அதிகம் பிணைந்திருந்தது. ஏக்கத்தை இறக்கிவைப்பது ஒரே நாளில் முடியாது, யாரும் ‘விட்டுத்தள்ளு’ என்று சொல்வதாலும் முடியாது. அதற்குச் சிலர் ஒரு கடிதம் எழுதுகிறார்கள், சிலர் ஒரு மரம் நடுகிறார்கள், சிலர் அந்த ஃபைலை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டுகிறார்கள். ஆலோசகரோடு சேர்ந்து உங்களுக்குப் பொருத்தமானதைச் செய்யலாம்.

நிறுத்திய பிறகு வரும் முதல் வருடத்தில் ஆலோசனையைத் தொடருங்கள். சிகிச்சைத் தேதிகளால் நிறைந்திருந்த காலண்டர் திடீரென்று காலியாகும், அந்த வெறுமை பலரை அசைத்துவிடுகிறது. பிறகும், மாதவிடாய் நிற்கும் வயதிலோ, கூடப் படித்தவர்கள் பேரன் பேத்தி எடுக்கும் காலத்திலோ பழைய வலி மறுபடி தலைதூக்கலாம். அப்போதும் போய் இரண்டு மூன்று முறை பேசிவிட்டு வரலாம். இத்தனை வருடம் கழித்தா என்று எந்த நல்ல ஆலோசகரும் கேட்க மாட்டார்.